சுவரை விட்டு இறங்கிய போட்டோக்கா

போட்டோக்கா செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் தினமும் காலையில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு டாண் என்று வேலைக்கு வந்துவிடுவாள்.

பயந்துவிடாதீர்கள். செத்தது டி.வி. சீரியலில். ஒரு பெரிய வீட்டின் கூடத்தில், சோபாவுக்கு மேலே, சின்ன பல்பு வெளிச்சத்தில், சட்டத்துக்குள் லேசாகச் சிரித்தபடி தொங்குகிறாளே ஒரு அம்மா, அவள்தான் இவள். கதை தொடங்குவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்ட அம்மா. நிஜத்தில் அவள் அந்த ஸ்டுடியோவின் தையற்காரி. நடிக்கிறவர்களின் உடைகளைப் பிடித்துக் கொடுப்பாள், தளர்த்திக் கொடுப்பாள், அவசரத்துக்குப் பொத்தான் வைப்பாள். சண்டைக் காட்சியில் கிழிய வேண்டிய சட்டையை முன்கூட்டியே பிரித்து, ஒரு இழு இழுத்தால் வந்துவிடும்படி ஓட்டுத்தையல் போட்டு வைப்பதும் அவள்தான்.

அவள் செத்த கதை வேடிக்கையானது. சீரியல் தொடங்கிய நாள், விளக்கெல்லாம் போட்டுத் தயாரான பிறகு, "அம்மா படம் எங்கப்பா?" என்று டைரக்டர் கேட்டார். கலைப்பிரிவில் சுவருக்கு ஆணி அடிக்கிற மனுஷர் ஒருவர் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் கொடுக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்கு அவர் 'ஆணி'. அந்த ஆணிக்குப் பகீரென்றது. படத்தை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார். தலைதெறிக்க ஓடிப்போய்ப் பக்கத்திலிருந்த தையல் அறையில் நுழைந்தார்.

"அக்கா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க. ஒரே ஒரு போட்டோ."

"எதுக்குப்பா?"

"சும்மாதான்க்கா. லேசா சிரிங்க."

வெள்ளைக் காலர் வைத்த கோட்டு ஒன்று அங்கே தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு அவளும் லேசாகச் சிரித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் செத்துப்போயிருந்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன்தான் முதலில் கண்டுபிடித்தார். அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதற்கும் அவ்வளவு சீக்கிரம் அசைகிற ஆளில்லை. அவரே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்க வந்து பாரு. உன்ன சுவத்துல மாட்டியிருக்காங்க."

அன்றைக்கு அவளுடைய தங்கை போனில் அழுத அழுகை அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். "அக்கா, நீ நல்லாத்தான இருக்க?" என்று நாலு தடவை கேட்டாள். புருஷன் இரண்டு நாள் உம்மென்று இருந்தார். நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே என் பொண்டாட்டியை எவன் சாகடித்தது என்று அவருக்குக் கோபம். அப்புறம் அதுவும் பழகிவிட்டது. போதாக்குறைக்கு எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், "நேத்து உங்க வீட்டம்மா ரொம்ப நல்லா பண்ணியிருந்தாங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார். சுவரில் தொங்குகிற படம் என்னத்தைப் பண்ணும்? ஆனால் இவரும் "ஆமா, நல்லா வந்திருந்துச்சு" என்று தலையாட்டினாராம். அன்றிலிருந்து அவள் பேர் போட்டோக்கா.

அந்தச் சீரியல் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரோடும் மனசுவிட்டுப் பேச மாட்டார்கள். என்ன நடந்தாலும் நேரே போய் அம்மா படத்துக்கு முன்னால் நின்றுகொள்வார்கள். மூத்த மகன் சொத்து போய்விட்டது என்று படத்திடம் சொல்லி அழுவான். மருமகள் தன் பழைய காதலைப் படத்திடம் ஒப்புக்கொள்வாள். சின்ன மகன் குடித்துவிட்டு வந்து படத்தோடு சண்டை போடுவான். ஆணி அந்தச் சின்ன பல்பை எரியவிடுவார், கேமரா படத்தின் முகத்துக்குக் கிட்டே போகும், பின்னால் இசை அழும். அந்த வீட்டின் ரகசியம் முழுவதும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வாய் மட்டும் கிடையாது.

இதில் மூத்த மகனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "அம்மா, என்னை ஏம்மா விட்டுட்டுப் போன" என்று அந்தப் படத்தைப் பார்த்து மார்பில் அடித்துக்கொள்கிற அந்த நடிகர் போட்டோக்காவைவிட இரண்டே வயது சின்னவர். பேரன் எடுத்தவர். கேமரா முன்னால் அம்மா, கேமரா அணைந்ததும் அக்கா. "அக்கா, இடுப்புல கொஞ்சம் தளர்த்திக் குடுங்க, மூச்சு முட்டுது" என்று தையல் அறைக்கு வந்து நிற்பார். கதையில் அவருக்கு இப்போதுதான் இரண்டாவது காதல் மலர்ந்திருக்கிறது. அவருக்குக் காதல், இவளுக்குச் சட்டம். என்ன நியாயமோ போங்கள்.

நியாயத்தைப் பற்றி போட்டோக்காவுக்கும் நிறைய ஆத்திரம் உண்டு. சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே டி.வி. பார்க்கிறபோது அவள் வாய் சும்மா இருக்காது. "பாருங்க, இப்ப கதவோரம் நின்னு கண்ணத் தொடைப்பா." தொடைப்பாள். "இப்ப நெஞ்சப் புடிப்பா பாருங்க." பிடிப்பாள். அவள் வயதுப் பெண்களுக்கு அந்தப் பெட்டிக்குள் அவ்வளவுதான் வேலை. தட்டில் டம்ளர் ஏந்தி வர வேண்டும், ஆசீர்வாதம் செய்ய வேண்டும், இரும வேண்டும், நேரம் பார்த்துச் சாக வேண்டும். கெட்டவளாக இருந்தால் ஓரக்கண்ணால் பார்க்கலாம். அதையும் நாற்பது வயதுக்காரிக்கு நெற்றியோரம் வெள்ளைப் பவுடரைத் தீற்றிச் செய்ய வைப்பார்கள்.

"என் வயசுல ஒருத்தி ஸ்கூட்டர் ஓட்டிட்டு வேலைக்குப் போறத காட்டினா இவங்களுக்கு என்ன கெட்டுப்போகுது?" என்று புருஷனிடம் கேட்பாள்.

"என்னைக் கேட்டா? நானா எடுக்கறேன்?"

போட்டோக்கா போன வருஷம்தான் நீச்சல் கற்றுக்கொண்டாள். புருஷன் கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் நிற்பார். ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் சண்டை போட்டு, மாற்றாத சாமானுக்குப் போட்ட காசை பில்லிலிருந்து அடிக்க வைப்பாள். அவள் சிரிப்பு இருக்கிறதே, அது ஸ்டுடியோ முழுக்கப் பிரசித்தம். தையல் அறையில் யாராவது ஒரு ஜோக் சொன்னால் போதும், ஒலிப்பதிவு செய்கிறவர் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு ஓடிவருவார். "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அங்க ஒருத்தர் செத்துட்டு இருக்காரு." ஆக, இத்தனை வருஷத்தில் அவளுடைய குரல் சீரியலில் எத்தனையோ முறை பதிவாகியிருக்கிறது, அத்தனை முறையும் வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. டி.வி.யில் ஒரு வரி பேசிவிட வேண்டும். கூட வேண்டாம், ஒரே வரி. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று புருஷனிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த ஆசைக்கு வழி திறந்துவிட்டதும் ஆணியின் மறதிதான். பக்கத்து அரங்கில் இன்னொரு சீரியல் எடுக்கிறார்கள். அங்கே ஒரு பணக்காரரின் செத்துப்போன மனைவிக்குப் படம் தேவைப்பட்டபோது, புதிதாக எதற்கு என்று ஆணி இதே படத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார். ஒரே முகம், இரண்டு சாவு. இந்த வீட்டில் அம்மா, அந்த வீட்டில் மனைவி. கோணத்தைக் கொஞ்சம் மாற்றி எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவர் கணக்கு. படத்தைத் துணியில் சுற்றி அங்கேயும் இங்கேயுமாகத் தூக்கிக்கொண்டு திரிவார். ஒருநாள் அங்கே கொண்டுபோனவர் திருப்பிக் கொண்டுவர மறந்துவிட்டார்.

இங்கே அன்றைக்கு ஒரே அவசரம். எடுத்து முடித்த எபிசோடு ஒன்றுகூடக் கையிருப்பில் இல்லை. பகலில் எடுப்பதை மாலையில் ஒளிபரப்பியாக வேண்டும். மூத்த மகன் கூடத்தில் நின்று பேசினார், கேமரா சுற்றியது, யாரும் எதையும் கவனிக்கவில்லை. அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது. சோபாவுக்கு மேலே பல்பு மட்டும் எரிகிறது. கீழே வெறும் ஆணி.

மறுநாள் சேனலின் டெலிபோன் ஓயவில்லை. அம்மா படத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள் ஜனங்கள். அம்மா சாகலையாமே, உண்மையா என்றார்கள். படத்தை எடுத்தது மருமகள்தான், எனக்கு அப்போதே தெரியும் என்று ஒரு பெண்மணி அடித்துச் சொன்னாள். இவ்வளவு பேர் அந்தச் சீரியலைப் பார்க்கிறார்கள் என்பதே எடுக்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கதை ஓடாமல் முழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

டைரக்டரும் வசனம் எழுதுகிற பெண்ணும் தையல் அறை வாசலில் வந்து நின்றார்கள். வசனம் எழுதுகிறவள் நாற்பதைத் தொட்டவள், அடிக்கடி வந்து இங்கே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறவள். டைரக்டர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. வேலைக்கு வேட்டு வைக்க வந்திருக்கிறார்களோ என்று போட்டோக்கா நினைத்தாள்.

"அக்கா," என்றார் டைரக்டர், "நீங்க சாகல."

"தெரியுமே தம்பி."

"இல்லக்கா, கதையில. நீங்க உயிரோட வர்றீங்க."

அவள் கையிலிருந்த கத்திரிக்கோல் மேஜைமேல் விழுந்தது. "நானா? வேற ஆள் போடலயா?"

"எப்படிப் போடறது? இத்தன வருஷமா உங்க மூஞ்சியத்தான் எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க," என்றாள் வசனம் எழுதுகிறவள், சிரிப்பை அடக்க முடியாமல்.

அன்று அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாள். வீட்டுக்குப் போய் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று சொன்னாள்.

"ஏங்க, நான் சாகலயாம்."

புருஷன் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "அப்ப அந்த ஒரு வரி?"

"அதேதாங்க."

அவ்வளவுதான், அந்த மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் எதிர்வீடு, மருந்துக்கடை, முடிவெட்டுகிற கடை என்று ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. திரும்பி வந்தபோது தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. போட்டோக்கா அதற்குள் ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள். வசனம் எழுதுகிறவள் சொல்லியனுப்பியபடி வாசல் கதவைத் திறந்துகொண்டு வர வேண்டும், பெட்டியைக் கீழே வைக்க வேண்டும், எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும், அப்புறம் சொல்ல வேண்டும். "என்ன, பேயப் பார்த்த மாதிரி நிக்கிறீங்க?" புருஷன் மூத்த மகனாகவும் சின்ன மகனாகவும் மாறி மாறி நின்றார். மருமகளுக்கு ஒரு தலையணை.

"பெட்டிய டொக்குனு வைக்காத. நிதானமா வை. நீ வீட்டுக்காரி," என்று சொல்லிக்கொடுத்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு இதெல்லாம் எங்கிருந்து தெரிந்ததோ. பத்துத் தடவை உள்ளே வந்தாள். ஒவ்வொரு தடவையும் சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் ஒப்பனை அறையில் உட்கார்ந்ததும் தொடங்கியது கூத்து. ஒப்பனைக்காரர் அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவளுக்கு முடி இப்போது நன்றாக வெளுத்துவிட்டது. அள்ளிக் கட்டினால் பளிச்சென்று இருக்கும்.

"போட்டோல கறுப்பா இருக்கேக்கா. அதனால முதல்ல மை போட்டுடறேன்."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் வயசாயிடுச்சுன்னு தெரியணும்ல? இங்கயும் இங்கயும் வெள்ள பூசிடறேன்."

"அதாவது, இருக்கற வெள்ளைய கறுப்பாக்கிட்டு, அதுக்கு மேல வெள்ளையடிக்கப் போற?"

ஒப்பனைக்காரர் யோசித்தார். இதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கே பட்டது. "எப்பவும் அப்படித்தான்க்கா செய்வோம். நிஜ வெள்ள கேமராவுல நல்லா தெரியாது."

"எத்தனை பேருக்கு நிஜ வெள்ளைய வச்சுப் பார்த்திருக்க?"

அந்த நாற்காலியில் நிஜமாகவே முடி நரைத்த ஒருத்தி வந்து உட்கார்ந்ததே இதுதான் முதல் தடவை. போட்டோக்கா மைக்கிண்ணத்தை அவர் கைக்கு எட்டாத இடத்தில் நகர்த்தி வைத்தாள். அவரும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அங்கே ஜெயித்தவள் அரங்கில் கால் வைத்ததும் தோற்றாள். கூடத்தின் நடுவே ஒரு கட்டில் போட்டிருந்தது. ஆஸ்பத்திரி அறை போட நேரமில்லாமல், வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கதையைத் திருப்பியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு குழாய், ஒரு பாட்டில். கதவு இல்லை, பெட்டி இல்லை. வசனம் எழுதுகிறவள் அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினாள். மூத்த மகனுக்கு முக்கால் பக்கம் வசனம். மருமகளுக்குப் பாதி. அம்மா என்று போட்ட இடத்தில் எழுதியிருந்தது: 'நினைவில்லாமல் படுத்திருக்கிறாள்.'

"நான் எப்ப பேசறேன்?"

"பேசலக்கா. கோமா."

"என்னைக்கு முழிப்பேன்?"

"இப்போதைக்கு முழிக்கல." அவள் குரல் இறங்கியது. "நான் எழுதினேன்க்கா, சத்தியமா எழுதினேன். கதவைத் திறந்துட்டு நீங்க வர்ற மாதிரிதான் எழுதினேன். சேனல்ல வேணாம்னுட்டாங்க. பார்க்கறவங்களுக்கு அம்மா வேணுமாம், அம்மா பேச்சு வேணாமாம். வயசான பொம்பள பேச ஆரம்பிச்சா வேற சேனலுக்குப் போயிடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னார்."

போட்டோக்காவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காது மடல்வரை சூடேறியது. "நின்னுட்டு இருந்தவள படுக்க வச்சிருக்கீங்க. இத்தன வருஷத்துல எனக்குக் கிடைச்ச முன்னேற்றம் அதுதானா?" என்றாள். பேசாமல், காட்சிக்காக மாட்டியிருந்த அந்த வெள்ளைக் காலர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தையல் மிஷினுக்கே போய்விடலாமா என்று தோன்றியது. அங்கேயாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தெருவே இன்றைக்கு டி.வி. முன்னால் உட்காரப் போகிறது, புருஷன் மருந்துக்கடைக்காரரைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருக்கிறார். அவர் முகத்தை நினைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். மூக்கில் குழாயை ஒட்டினார்கள்.

ஆணி அன்றைக்கு வெகு ஜாக்கிரதையாக இருந்தார். முதல் மறதிக்கு வாங்கிய திட்டு அவருக்கு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அம்மா உயிரோடு வந்த பிறகும் படம் தேவையா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. ஒன்றுக்கு இரண்டு ஆணி அடித்து, படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டி, பல்பையும் துடைத்து வைத்திருந்தார்.

"ரெடியா? நேரமே இல்ல, ஒரே டேக்குல முடிக்கணும்," என்றார் டைரக்டர்.

கேமரா ஓடத் தொடங்கியது. மூத்த மகன் வாசல் வழியாகப் பாய்ந்து வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். அப்படித்தான் தாளில் இருந்தது. மனுஷர் கூடத்தின் நடுவரைக்கும் சரியாகத்தான் வந்தார். அங்கே வந்ததும் கண் கலங்கியது, வசனம் வாய்க்கு வந்தது. கால்கள் மட்டும் பல வருஷப் பழக்கத்தில், கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், சோபாவுக்குப் பக்கத்தில், படத்துக்கு நேர் எதிரே நின்றுவிட்டன.

"அம்மா," என்றார் படத்தைப் பார்த்து. "நீ இல்லாம நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமாம்மா?"

அவரை விடுங்கள். கேமராக்காரருக்கு என்ன வந்தது? அவரும் பழக்கத்தில் படத்தின் முகத்துக்குக் கிட்டே போனார். ஆணி பல்பை எரியவிட்டார். டைரக்டர் தன் முன்னாலிருந்த திரையில் தினமும் பார்க்கிற அதே காட்சியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அங்கே அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போட்டோக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் மகன். அவருக்கு எதிரே வெள்ளைக் காலர் கோட்டில் இவளே, கறுப்பு முடியோடு, ஒன்றுமே சொல்லாத அந்தச் சிரிப்போடு. சொத்து போன கதையைச் சொல்கிறார். தம்பி ஏமாற்றிய கதையைச் சொல்கிறார். "ஒரு வார்த்தை பேசும்மா, ஒரே ஒரு வார்த்தை" என்று படத்திடம் கெஞ்சுகிறார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அதே நேரத்தில் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டில் எது அவளை எழுப்பியதோ தெரியாது. குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, நான் இங்க இருக்கேன்."

மூத்த மகன் வெலவெலத்துப்போனார். திரும்பினவர் கால் தடுக்கிச் சோபாவில் பொத்தென்று விழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நடிப்பை எந்த டைரக்டராலும் யாரிடமிருந்தும் வாங்கியிருக்க முடியாது. படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"எப்பலேருந்து கேட்டுட்டு இருக்கீங்க?" என்றார். மகன் கேட்டதா, நடிகர் கேட்டதா, அவருக்கே தெரியாது.

"ஆரம்பத்துலேருந்து."

போட்டோக்கா காலைக் கீழே தொங்கவிட்டு, அவிழ்ந்திருந்த வெள்ளை முடியை அள்ளிக் கட்டினாள். ஒரு வரிதான் கேட்டிருந்தாள். அதை எப்போதோ தாண்டிவிட்டாள், இனி நிறுத்துவதாக இல்லை.

"எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீ சொன்னது, உன் பொண்டாட்டி சொன்னது, உன் தம்பி குடிச்சுட்டு வந்து உளறினது, ஒண்ணு விடல. இத்தன வருஷமா சொல்லிட்டே இருந்தீங்களே, என்னம்மா நினைக்கறன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? பதில் வராதுங்கற தைரியத்துலதான அவ்வளவும் சொன்னீங்க?"

மூத்த மகன் வாயைத் திறந்தார். அப்போது அவர் முழித்த முழி இருக்கிறதே, அதைப் பார்த்ததும் போட்டோக்காவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். தையல் அறையில் சிரிப்பாளே, அதே சிரிப்பு, கூரை அதிர. ஒலிப்பதிவுக்காரரின் கை பொத்தான்வரை போய் அப்படியே நின்றது.

"சரி, எழுந்து ஒழுங்கா உக்காரு," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப நான் பேசறேன்."

டைரக்டர் 'கட்' சொல்ல மறந்துபோனார். சொன்னபோது அவர் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வசனம் எழுதுகிறவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ இருந்தாள். மறுபடி எடுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். டைரக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமில்லை என்றார். நேரம் இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டார் என்பது அவர் முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

சாயங்காலம் போட்டோக்காவின் வீட்டில் நிற்க இடமில்லை. எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார், மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டே வந்துவிட்டார். புருஷன் முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், பஸ் ஓட்டுகிற மாதிரி. "ஏம்ப்பா, நான் இங்க இருக்கேன்" என்று அவள் எழுந்து உட்கார்ந்தபோது வீடு ஹோவென்று இரைந்தது. அந்த இரைச்சலில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் புருஷன் அவள் பக்கம் சாய்ந்து, "கட்டிக் காட்டினியே அந்த முடி, அது நல்லா இருந்துச்சு" என்றார். போட்டோக்காவுக்கு அன்று வேறெந்தப் பாராட்டும் தேவைப்படவில்லை.

சேனலின் டெலிபோன் மறுபடி அலறியது. இந்தத் தடவை போன் செய்தவர்களில் பாதிப் பேர் அவள் வயதுக்காரிகள். அம்மா நாளைக்கு என்ன பேசுவாங்க என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். வயசான பொம்பள பேசினால் ஓடிவிடுவார்கள் என்று சொன்ன ஆளே காலையில் டைரக்டருக்குப் போன் செய்து, அம்மாவை இன்னும் கொஞ்சம் பேசவிடலாமே என்று தன் யோசனையாகச் சொன்னாராம். இருக்கட்டும், அவரும் பிழைக்க வேண்டாமா?

வசனம் எழுதுகிறவள் தையல் அறைக்கு ஓடிவந்து தாள்களை மேஜைமேல் பரப்பினாள். அம்மா, அம்மா, அம்மா என்று பக்கம் முழுக்க. கட்டில் போய்விட்டது. கதவு வந்துவிட்டது. போதாக்குறைக்கு, அம்மாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியுமா என்று வேறு கேட்டாள். போட்டோக்கா சாவியை எடுத்து அவள் கண்முன்னால் ஆட்டினாள்.

அவள் போன பிறகு ஆணி மெதுவாக உள்ளே வந்தார். அக்குளில் துணி சுற்றிய சட்டம்.

"அக்கா, இத பக்கத்து அரங்குக்குக் கொண்டுபோறேன். அங்க அந்தப் பணக்காரர் இன்னிக்கு உங்ககிட்ட வந்து அழறாரு."

"அங்க நான் இன்னும் செத்துத்தான் கிடக்கறேனா?"

"ஆமாக்கா," என்றார் ஆணி, தானே கொன்றது போலத் தலையைச் சொறிந்துகொண்டு.

போட்டோக்கா ஊசியில் நூலைக் கோத்து, நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"தம்பி, உனக்கு மறதி ஜாஸ்தி இல்ல?"

"அய்யோ, இப்பல்லாம் மறக்கறதே இல்லக்கா. அன்னிக்கு வாங்கினது போதும்."

"இன்னைக்கு மட்டும் மறந்துடு."

ஆணி அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு அந்தச் சட்டத்தைத் துணியோடு தையல் மிஷினுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு, சுத்தியலையும் ஒரு ஆணியையும் மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து அரங்கைப் பார்த்து நடந்தார்.